கறுப்புத் திரையில் அக்கா படித்தது

முதலில் ஓரம் மட்டும்தான் கறுத்தது. உலாவியின் அமைப்புகளுக்குள் போய் ‘டார்க்’ என்றிருந்த வரியை நான் தொட்டதும், மேலே முகவரி எழுதும் பட்டையும் கீழே பொத்தான்கள் இருக்கும் பட்டையும் கறுப்பாயின. நடுவில் பாசுரங்கள் இருந்த பக்கம் முன்போலவே வெள்ளையாக நின்றது. கறுப்புக் கரை கட்டிய வெள்ளைத் தாள். இறந்தவர்களின் படத்தைப் போட்டுச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் இருக்கும். அக்காவின் மடியில் அப்படியொன்று கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று டேப்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் அமைப்புகளுக்குள் போனேன்.

“இன்னாடா ஆச்சி?” என்றாள் அக்கா.

“பாதிதான் மாறியிருக்குதுக்கா. கொஞ்சம் இரு.”

“நீ தொட்ட வேலை எது முழுசா முடிஞ்சிருக்குது? பண்ணு, பண்ணு.”

அந்த டேப் அவளுடைய பேரனுக்காக வாங்கியது. நோய்க்காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடம் கேட்க உதவியது. அவன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தது. அதன் மொழி தெலுங்கு. வலைத்தளங்களையும் இருட்டாக்கலாம் என்ற பொருளில் தெலுங்கில் ஒரு வரியும் அருகில் ஒரு சிறிய கட்டமும் இருந்தன. கட்டத்தைத் தொட்டேன். ஓர் இமைப்பில் பக்கம் முழுவதும் இருண்டு, எழுத்துகள் வெண்மையாக மேலெழுந்து வந்தன. கண்ணைக் குத்தும் ஒளி போய்விட்டது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்காவின் மருமகள், “இன்னா மாமா, டிவி ஆஃப் பண்ணாப்ல கீது” என்றாள்.

“ஆஃப் இல்லடி,” என்றாள் அக்கா. “நம்ம சாமி நெறம்.”

பிறகு இரண்டு அடிகளை விரலை ஓட்டிப் படித்தாள். தடுக்காமல் படித்தாள். “எரியலடா,” என்றாள். “மெய்யாலுமே எரியல.” அன்று மாலை திருப்பதியிலிருந்து சித்தூருக்குத் திரும்பப் பேருந்து ஏறியபோது, ஓய்வுபெற்ற பிறகு உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரத்தில், சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்கள். நிலம் இல்லாத குடும்பம். நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா கூலி வேலை செய்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆனால் எங்கள் தெருவின் பஜனைக் கோயிலில் பாசுரம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவருக்கு அதை வேறொருவர் காதில் போட்டார், அவருக்கு இன்னொருவர். ஓர் அடியை அவர் ஒருமுறை சொல்வார். நாங்கள் இருமுறை திருப்பிச் சொல்வோம். அடுத்த அடி. அடுத்த பாட்டு. ஏடும் எழுத்தும் அந்த வழியில் இல்லை. கேட்டது கேட்டபடியே நாக்கில் வந்து நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் அன்றைக்குப் பொங்கல் கடைசியாகத்தான் கிடைக்கும். அக்காவின் காதைப் போல ஒரு காதை நான் இதுவரை கண்டதில்லை. நான் பள்ளிக்கூடம் போனேன். அவள் நாற்று நடப் போனாள். பாசுரத்தில் என்னைவிட அவள் நெடுந்தூரம் போனாள்.

எழுத்து அவளுக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. திருமணமாகித் திருப்பதிக்கு வந்து, பிள்ளையும் தலையெடுத்த பிறகு, பெரிய எழுத்தில் அச்சிட்ட பாசுரத் தொகை ஒன்றை வாங்கினாள். தனக்கு மனப்பாடமான பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டு அடையாளம் வைத்துக்கொண்டாள். பிறகு வாயில் ஓடும் பாட்டை அச்சின் மேல் வைத்து, இந்த ஒலிக்கு இந்த உருவம், அந்த ஒலிக்கு அந்த உருவம் என்று தானே பொருத்திப் பார்த்து எழுத்தைப் பிடித்தாள். மற்றவர்கள் எழுத்திலிருந்து பாட்டுக்குப் போவார்கள். அவள் பாட்டிலிருந்து எழுத்துக்குப் போனவள். அப்படிப் பிடித்த எழுத்தை வைத்துக்கொண்டு, நைனாவும் அறியாத பாட்டுகளைப் படிக்கத் தொடங்கினாள். யாரும் தன் காதில் போடாத ஒரு பாசுரத்தை முதன்முறையாகத் தானே படித்து முடித்த அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “இது எனக்கு யாரும் குடுத்தது இல்லடா. நானே போய் எடுத்துக்கினு வந்தது.”

தொகை முழுவதையும் ஒருமுறை தன் கண்ணால் படித்து முடித்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து அவளுடைய ஆசை. வேறு ஆசை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மலை அடிவாரத்திலேயே குடியிருந்தும் மேலே போய் வர வேண்டும் என்று அவசரப்படாதவள், இதில் மட்டும் அவசரப்பட்டாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. கடைசிப் பகுதி மிஞ்சியிருந்தது. அந்த வீட்டில் தமிழ் எழுத்து அறிந்தவள் அவள் ஒருத்திதான். மலைமேல் விடுதியில் வேலை செய்யும் மகனும், திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த மருமகளும் தமிழ் பேசுவார்கள். எழுத்தென்றால் அவர்களுக்குத் தெலுங்கு. அவள் படித்தால்தான் உண்டு.

அச்சுப் புத்தகம் மங்கத் தொடங்கியபோதுதான் டேப் வந்தது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நான்தான் பாசுரங்கள் உள்ள ஒரு வலைத்தளத்தைத் திறந்து வைத்துக் கொடுத்தேன். சிறிது காலம் நன்றாக நடந்தது. பிறகு வெள்ளைப் பக்கம் கூசுகிறது, நீர் வழிகிறது என்றாள். திருப்பதியில் ஒரு சிறிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

சுவரில் ஒளிவிடும் பலகையில் தெலுங்கு எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போயின. காத்திருப்போர் பெஞ்சு பலகைக்குப் பக்கவாட்டில் இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் உரக்கப் படித்தார்கள். தவறினால் உதவியாளப் பெண் திருத்திச் சொன்னாள். அவர்கள் திரும்பச் சொன்னார்கள். அக்காவின் முறை வந்தபோது, தமிழ்ப் பலகை இல்லையா என்று கேட்டேன்.

“தெலுங்கே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா.

கடைசிக்கு முந்தைய வரிவரை நிறுத்தாமல் சொன்னாள். எனக்கு வியப்பாக இருந்தது. “எப்பக்கா தெலுங்கு படிக்கக் கத்துக்கின?” என்றேன்.

“இத்தினி வருசம் பஸ் போர்டு பாக்கறேன். வராதா?”

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். அன்று கூட்டம் அதிகம். பார்வை வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது, லேசான புரைதான், அதனால்தான் கூசுகிறது என்றார். மருந்து விட்டு உள்ளே பார்ப்பதை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம் என்றும், அதுவரை ஒளியைக் குறைத்துப் படிக்கட்டும் என்றும் சொன்னார். ஒளியைக் குறைக்க வழி தேடித்தான் நான் உலாவியின் அமைப்புகளுக்குள் போனேன்.

கறுப்பாக்கிய பிறகு அக்கா தினமும் மாலையில் அழைத்தாள். இன்று இந்தப் பதிகம், நாளை அடுத்தது என்பாள். சில சொற்களுக்குப் பொருள் கேட்பாள். நான் நெடுங்காலம் வகுப்பில் பொருள் சொல்லியவன். ஒரு கேள்விகூட அந்த வகுப்புகளில் இப்படி வந்ததில்லை. பெருமான் ஒருவனைத் தேடிப் புலம்பும் பெண்ணின் பாட்டு ஒன்றைப் படித்துவிட்டு, “இவ இவ்ளோ தேடறாளே, அவன் எதிர்ல வந்து நின்னா அடையாளம் தெரியுமாடா இவளுக்கு?” என்று கேட்டாள். இரவு முழுவதும் அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பிறகு கேள்விகள் குறைந்தன. படித்தேன் என்று மட்டும் சொல்வாள். “எந்தப் பாட்டுக்கா?” என்றால், “எல்லாம்தான்” என்பாள். மழைக்காலம் என்பதாலும் எனக்கு முழங்கால் வலி என்பதாலும் நான் போகவில்லை. மழை விட்ட பிறகுதான் போனேன்.

சந்திரகிரி தாண்டும்போதே அழைத்துச் சொல்லியிருந்தேன். மருமகள் வாசலிலேயே நின்று, “பொத்துன்னுஞ்சி சதுவுதானே உன்னாரு மாமா. டிபன் கூட துன்னல. நீங்களாவது சொல்லுங்க, அத்தம்மா எம்பேச்ச எங்க கேக்கறாங்க,” என்றாள். காலையிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறார் என்பதைச் சலிப்போடும் கொஞ்சம் பெருமையோடும்தான் சொன்னாள். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. நைனா எடுத்துக் கொடுக்கும் பழைய பாட்டு. புதிய பகுதியைப் படித்துக் களைத்து, இளைப்பாறுவதற்காகப் பழைய பாட்டுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப். தலை குனிந்திருந்தது, வலது கை ஆள்காட்டி விரல், ஒவ்வோர் அடி முடியும்போதும் வழக்கம்போலத் திரையை மேலே தள்ளியது. நான் பின்னால் போய் நின்று, எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

பக்கம் இல்லை. இணையம் அறுந்துபோயிருந்தது. அப்படி அறுந்தால் உலாவி ஒரு விளையாட்டைக் காட்டும், பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கட்டம் கட்டமாக வரைந்த, ஆதிகாலத்துப் பெரும்பல்லி போன்ற ஒரு சின்ன விலங்கு. திரையைத் தொட்டால் அது ஓடத் தொடங்கும். மறுபடி தொட்டால், எதிரே வரும் கள்ளிச்செடியைத் தாண்டிக் குதிக்கும். கறுத்த திரையில் அந்த வெளிறிய விலங்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஓர் அடியைச் சொல்லி முடித்து விரலை வைத்தாள்; அது குதித்தது. அடுத்த அடியின் நடுவில் கள்ளியில் மோதி நின்றது. அடி முடிந்து விரல் பட்டதும் மீண்டும் முதலிலிருந்து ஓடியது. அக்காவின் பார்வை அதன் மேலேயே இருந்தது. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

பாட்டு முடிந்தது. என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“வந்துட்டியா? இன்னாடா பேசாம நின்னுக்கினு கீற?”

“இன்னா படிக்கறக்கா?”

“பாத்தா தெர்ல? பாட்டுதான்.”

“அதுல பாட்டு இல்லக்கா.”

விரல் நின்றது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, டேப்பை ஓரக்கண்ணால் பார்ப்பவள்போல வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, “இன்னா கீது அதுல?” என்று கேட்டாள்.

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லி, கள்ளி, குதிப்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். “காலையிலேர்ந்து பல்லிக்கா பாட்டு சொல்லிக்கினு கீறேன்? அது மோட்சத்துக்குப் போயிருக்கும்டா இந்நேரம்.” மருமகள் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றாள். அக்காவின் சிரிப்பு நின்றபோது கண்ணில் நீர் இருந்தது. கூச்சத்தால் வந்த நீர் இல்லை.

“எப்பலேர்ந்து தெரியலக்கா?”

“நீ கறுப்பு பண்ணிக் குடுத்தப்ப தெரிஞ்சிச்சிடா. மெய்யாலுமே தெரிஞ்சிச்சி. நெறைய படிச்சேன். அப்பால, எந்த எழுத்தப் பாக்கறனோ அது மட்டும் போயிடும். பக்கத்து எழுத்து நிக்கும். அதப் பாத்தா அது போயிடும். திருடனத் தொரத்தறாப்ல தொரத்திக்கினு படிச்சேன். அப்பால வரியே போயிடுச்சி.”

“ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவீங்க? கையில இருந்து அத புடுங்கி வச்சிட்டு, பாவம் கெயவின்னுவீங்க.” மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “இவ நல்லவதான். ஆனா படிக்கறன்னாதான் என்ன வேலை வாங்காம வுடுவா.”

“அய்யோ அத்தம்மா,” என்று மருமகள் அழுதுவிட்டாள்.

“சும்மா சொன்னேன்டி. அழுவாத.”

மருத்துவமனைப் பலகையைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். பஸ் போர்டு என்றது வாய்க்கு வந்த பதில்; எதையும் மறைத்து வைத்ததாக அவள் நினைத்திருக்கவில்லை. “மொத எழுத்து பெருசா தெரிஞ்சிது. மீதிய அவங்க எல்லாம் ஓதினாங்கல்ல, காதுல உழுந்துச்சி. நான் போய் நின்னேன். அதுவா வந்துடுச்சி. தெலுங்கு எழுத்து எனக்கு எங்கடா தெரியும்?” ஒருவர் சொல்வதும் மற்றவர் திருப்பிச் சொல்வதும் நடக்கும் இடத்தில் அவளை உட்கார வைத்தால், அவள் வாய்க்கு வேறென்ன செய்யத் தெரியும்? கேட்டதைப் பிழையில்லாமல் ஒப்பிக்கத்தான் நைனா எங்களைப் பழக்கினார். அந்தப் பழக்கத்தில் எங்கள் கூட்டத்திலேயே தேர்ந்தவள் அவள். சுமாரான காது உள்ளவளாக இருந்திருந்தால் அன்றே தடுமாறியிருப்பாள்; மருத்துவர் உள்ளே பார்த்திருப்பார்.

மறுநாள் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். பலகை எதுவும் காட்டவில்லை. மருந்து விட்டுக் காக்க வைத்து, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். தமிழ் பேசத் தெரிந்த டாக்டரம்மா, படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கசிந்து, இப்போது தழும்பாகியிருக்கிறது என்றார். இரண்டு கண்களிலும்.

“படிக்கும்போது நடுவுல கரும்புள்ளி மாதிரி ஒண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று அக்காவிடம் கேட்டார்.

“புள்ளி ஒண்ணியும் தெர்லம்மா. எழுத்துதான் காணாம போவும்.”

“எதுல படிப்பீங்க?”

நான் டேப்பைத் திறந்து நீட்டினேன். கறுத்த பக்கத்தைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் பேசவில்லை, பாடம் விளக்குவதுபோலத்தான் சொன்னார்: “வெள்ளைத் தாளா இருந்தா அந்த எடத்துல கறுப்பா ஒரு கறை தெரிஞ்சிருக்கும். பயந்துபோய் உடனே வந்திருப்பீங்க. கறுப்பு மேல கறுப்பு விழுந்தா எப்படித் தெரியும்? அப்ப வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்திப் பாத்திருக்கலாம்.”

“இப்ப?” என்றேன்.

“நடக்கலாம். வீட்டுக்குள்ள எங்கயும் இடிச்சிக்காம இருக்கலாம். ஓரத்துப் பார்வை இருக்கும். எழுத்து வராது, ஐயா.”

“கண்ணாடி மாத்துனா?” என்றாள் அக்கா.

“வராதும்மா.”

“பூதக்கண்ணாடி வச்சா?”

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை என்னிடம் நீட்டி, “வெள்ளையாக்கு” என்றாள்.

“கூசுங்க்கா.”

“கூசட்டும். அந்தப் புள்ளி எங்க கீதுன்னு பாக்கறேன். எம்மாம் நாளா என்னோட இருந்துக்கினு கீது, மூஞ்சி காட்டாம.”

நான் இரண்டு அமைப்புகளையும் பழையபடி மாற்றினேன். வெள்ளைப் பக்கம் அறை முழுவதும் வெளிச்சம் போட்டது. அவள் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கண்ணீர் வழிய வழியப் பார்த்தாள். “இதோ கீது,” என்றாள். “பெருசா கீதுடா. உள்ளங்கை மாதிரி.” பார்வையை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள், போகுமிடமெல்லாம் அதுவும் போயிற்று. பிறகு டேப்பைத் தானே அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

கருமையைப் பாடுகிற பாட்டுகளிலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். முகிலும் கடலும் அவன் நிறம் என்று சொல்லிச் சொல்லி, இருட்டைக் கண்டு அஞ்சாமல் வளர்ந்தோம். மலையடிவாரத்து அந்த வீட்டில் அன்றிரவு படுத்திருந்தபோது, எனக்கு வாய்த்த எல்லாப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இழந்ததைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் பாட்டுகள் இருந்தன. இழந்ததே பேறு என்று தேற்றும் பாட்டுகளும் இருந்தன. அக்காவிடம் போய் எதைச் சொல்வது? அவற்றை எனக்கு முன்பே அறிந்தவள் அவள். அந்தக் கருமைக்கும் இந்தக் கருமைக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இன்றும் எழவில்லை.

மருமகள் தன்னாலான ஒன்றைச் செய்தாள். பக்கத்தை டேப்பே உரக்கப் படிக்கும் வசதி இருப்பதை யாரோ சொல்லக் கேட்டு, அதை இயக்கி வைத்தாள். பெண் குரல் ஒன்று பாசுரத்தைச் சீர் பிரிக்காமல், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி, எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் வைத்துப் படித்தது. அக்கா ஒரு பாட்டு முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

“ரேணிகுண்டா ஸ்டேசன்ல ரயிலு லேட்டுன்னு சொல்றவ இவதானே?” என்றாள். மருமகள் சிரித்துக்கொண்டே அதை நிறுத்தினாள். மறுபடி யாரும் அதை இயக்கவில்லை.

கடைசியில், நைனாவின் வழிதான் மிஞ்சியது. மாலையில் சித்தூரிலிருந்து நான் அழைக்க வேண்டும். மிச்சமுள்ள பகுதியிலிருந்து ஓர் அடியை ஒருமுறை சொல்ல வேண்டும். அவள் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். எந்தப் பாட்டுவரை கண்ணால் படித்தாய் என்றேன்.

“தெர்லடா,” என்றாள். “பாதி எழுத்து தெரியும், மீதிய நானே போட்டுப்பேன். எது அவங்க எழுதினது, எது நான் போட்டதுன்னு எனக்கே தெர்ல.”

படிப்பு நின்ற நாள் என்று ஒன்று இல்லை. எழுத்து ஒவ்வொன்றாகப் போகப் போக, அந்த இடத்தில் நினைவு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்திருக்கிறது. தானே போய் எடுத்து வந்தது என்று எதைச் சொன்னாளோ, அது எங்கே முடிகிறது என்பது இனி யாருக்கும் தெரியாது. கடைசிப் பகுதியின் தொடக்கத்திலிருந்தே எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

நான் அந்தக் காதை நம்பியிருந்தேன். உலகில் வேறு எதை இழந்தாலும் அது இருக்கும் என்றுதான் நம்பினேன். ஆனால் எழுபதைத் தாண்டிய காது அது. பழையதைக் கல்வெட்டுபோல வைத்திருக்கிறது. புதியது மேலே விழுந்து வழிந்து போய்விடுகிறது. முதல் அடியைச் சொல்லும்போது சரியாகத் திருப்புகிறாள். இரண்டாம் அடியும் வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தயங்குகிறாள். மூன்றாவதற்குள் போகும்போது, சந்தம் ஒத்துப்போகிற ஏதோ ஒரு பழைய பாட்டு வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நைனாவின் பாட்டு. அதை அவள் கணீரென்று முடிக்கிறாள். நான் குறுக்கிடுவதில்லை; முடியும்வரை காத்திருப்பேன்.

நேற்றும் அப்படித்தான் ஆயிற்று. பாட்டு முடிந்ததும் அவளுக்கே ஒரு சந்தேகம்.

“இது நீ சொன்னதா, நைனா சொன்னதாடா?”

பொய் சொல்ல எளிதாக இருந்தது. ஆமாம், நான் சொன்னதுதான் என்றால், அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம்; சில மாதங்களில் தொகையை முடித்துவிட்டதாக அவளை நம்ப வைத்துவிடலாம். ஆனால் இனிமேல் எங்கள் இருவருக்குள் மறைப்பது வேண்டாம் என்று அன்று பெரிய மருத்துவமனை வாசலில் அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

“நைனா சொன்னதுக்கா.”

“அதான பாத்தேன்,” என்றாள். அந்தப் பக்கம் மருமகள் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. “நீ சொன்னது எதுல ஆரம்பிக்கும்?”

முதல் அடியைச் சொன்னேன். அவள் இருமுறை சொன்னாள், பிழையில்லாமல், முதன்முறையாகக் கேட்பவளைப்போல.